சூடம் காட்டிய எஞ்சின்

"இன்னுங் கொஞ்சம் இரு வசந்தா"ங்கறாரு எங்கூட்டுக்காரரு. இருக்கறேன். டிரைவர் சீட்டுல உக்காந்துக்கிட்டு, சாவி மேல விரலை வெச்சுக்கிட்டு, இருக்கறதைத் தவிர நான் வேற என்னத்தப் பண்ணறது? கை வேர்த்து வேர்த்துச் சாவியே நனைஞ்சு போச்சு. முந்தானையில தொடைச்சுட்டு மறுபடியும் வெச்சுக்கறேன். முன்னால ஒண்ணுந் தெரியலை. பானெட்டைத் தூக்கி நிறுத்தியிருக்குது, கண்ணாடி முழுக்க அதுதான். வண்டி மொத்தமும் மோர் நெறம். தீயில வெந்து போன பானெட்டுக்கு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சதுல அது தயிர் நெறத்துல நிக்குது. அதுக்கு அந்தாண்ட அவரு, எஞ்சினுக்குள்ள தலையை உட்டுக்கிட்டு. "நான் சொன்னதும் திருப்போணும், வண்டி புடிச்சதும் சாவியை உட்டுறோணும், முறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்கப்படாது"ன்னு காலையிலிருந்து பாடம் நடத்தியாச்சு. நான் என்ன பச்சப் புள்ளையா? ஆனா அவரு சொல்லாத ஒண்ணு இருக்குது. தீப்புடிச்ச பொறவு இந்த எஞ்சின் இன்னைக்குத்தான் மொத தடவையா ஓடப் போகுது. எங்காச்சும் ஒரு எடத்துல பெட்ரோல் கசிஞ்சு, எங்காச்சும் ஒரு ஒயருல பொறி பறந்துச்சுன்னா, அங்க இருக்கறது அவரு மூஞ்சி. திருப்பறது என்ற கை. போனவாட்டி கருகின புருவம் ரெண்டும் இப்பத்தான் மொளைச்சிருக்குது, அதுலயும் ஒண்ணு நரை, ஒண்ணு கருப்பு. பானெட்டை மூடிட்டு ஸ்டார்ட் பண்ணலாமுங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன். "மொத ஸ்டார்ட்டுல, பெட்ரோலைக் காத்தோட கலந்து உடற கார்ப்பரேட்டர்கிட்ட ஒருத்தர் கை வெச்சுட்டு நிக்கோணும் புள்ள, இல்லீன்னா அணைஞ்சு போயிரும்"ங்கறாரு. அணைஞ்சாப் போகட்டுமே, உங்க மூஞ்சி முழுசா இருந்தாப் பத்தாதா? இதை நான் வாய் விட்டுச் சொல்லலை. சொன்னா ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுட்டு உள்ள போய் பேப்பர் படிக்க உக்காந்துக்குவாரு, அந்த வீம்பு எனக்குத் தெரியும்.

பெட்ரோல் வாசம் வருது. நெசமாவே வருதா, இல்ல எனக்குத்தான் வர்ற மாதிரி இருக்குதா? அன்னையிலிருந்து எனக்கு மூக்கு கெட்டுப் போச்சு, காப்பியில கூட பெட்ரோல் வாசம் அடிக்குது. "ஏனுங்க, பெட்ரோல் வாசம் வருதுங்க." "பெட்ரோல் வண்டியில பின்ன சாம்பார் வாசமா வரும்?" நக்கலுக்கு மட்டும் கொறைச்சலில்லை. அன்னைக்கும் இதே வாசந்தான் வாசலெல்லாம். ஆயுத பூசையன்னைக்கு. எங்கூட்டுக்காரருக்குச் சாமியும் கெடையாது பூதமும் கெடையாது. நான் இந்தூட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவரு கும்புட்டு நான் பார்த்ததில்லை. டவுன்ஹால் பக்கத்துல எங்களுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை இருந்துச்சு. வருசா வருசம் ஆயுத பூசைக்கு நான் போய் லென்ஸ் தேய்க்கற மெசினுக்குச் சந்தனம் வெச்சுச் சூடம் காட்டுவேன், இவரு வெளிய ஸ்டூலைப் போட்டுக்கிட்டு ரோட்டைப் பார்த்து உக்காந்திருப்பாரு. அப்பேர்ப்பட்ட மனுசன், போன ஆயுத பூசைக்கு விடியறதுக்குள்ள எந்திரிச்சுட்டு, "வண்டிக்கு இந்த வருசம் நானே பூசை போடறேன்"ங்கறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உடம்பு கிடம்பு சரியில்லையான்னு நெத்தியைத் தொட்டுக் கூடப் பார்த்தேன். சிரிக்காம பழைய பனியனைக் கிழிச்சுக்கிட்டு, ஒரு டப்பா நெறைய பெட்ரோலை எடுத்துக்கிட்டு எஞ்சினைத் தொடைக்க ஆரம்பிச்சாரு. மண்ணெண்ணெயில தொடைச்சா பிசுபிசுப்பு நிக்குமாம், பெட்ரோல்னாத்தான் பளிச்சுன்னு வருமாம். நெசமாவே பளிச்சுன்னுதான் வந்துச்சு. எண்ணெய் பிசுக்கு ஒரு சொட்டில்லை. அப்பறம் சந்தனம். சந்தனம் வெக்கத் தெரியுதா அந்த மனுசனுக்கு! கண்ணாடிக்கு அளவெடுக்கற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு பார்த்து, ஒரு பொட்டுக்கும் இன்னொரு பொட்டுக்கும் எடைவெளி சரியா இருக்குதான்னு வேற பாக்கறாரு. எனக்குச் சிரிப்புத் தாங்கலை. இப்பவும் சிரிப்பு வருது, பாரு, வயித்துல பயம், வாயில சிரிப்பு.

ஊரு உலகமெல்லாம் வண்டிக்கு எப்படிப் பூசை போடுது? பானெட்டை மூடி வெச்சு, முன்னால மாலையைப் போட்டு, முன்னால நின்னு சூடத்தைச் சுத்திட்டு, பூசணிக்காயை ஒடைச்சுட்டுப் போறாங்க. இவரு பானெட்டைத் தெறந்தாரு. "ஓடறது எஞ்சின். பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கற கிரில்லுக்கு எதுக்குக் காட்டோணும்?"ன்னாரு. சாமி இல்லைங்கறவரு பூசை போட்டா இப்பிடித்தான், அதுலயும் நாயம் பேசோணும். பூசை பண்ணத் தெரிஞ்சவன் பானெட்டைத் தெறக்க மாட்டான். எஞ்சின் தெரிஞ்சவன் சூடத்தை உள்ள கொண்டு போக மாட்டான். இவருக்கு ரெண்டுந் தெரியும்னு நெனைப்பு. நான் பொரியும் கடலையும் வெச்ச தட்டோட பின்னால நிக்கறேன். பெட்ரோல் காஞ்சிருக்கும்னு அவரு நெனைச்சாராம், பொறவு ஆஸ்பத்திரியில சொன்னாரு. எங்க காயறது? மேலதான் காஞ்சுது, சந்து பொந்தெல்லாம் தேங்கி நின்னுருக்குது. சூடத்தட்டை ஒரு சுத்துத்தான் சுத்துனாரு. பக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், பெருசா ஒண்ணுமில்லை, ஆரோ ஒரு பெரிய துணியை ஒரே ஒதறா ஒதறுன சத்தம். அந்தச் சத்தம் இன்னும் என்ற காதுல இருந்து போகலை. கேஸ் அடுப்புல தீக்குச்சி வெக்கறப்பெல்லாம் கேக்குது. அதனாலதான் கரண்ட் அடுப்பு வாங்கி வெச்சுக்கிட்டு, தோசை சரியா முறுகறதில்லைன்னு அதையும் திட்டிக்கிட்டு இருக்கறேன். "ஏனுங்க, ஆச்சுங்களா?" "இன்னுங் கொஞ்சம்." சரி.

எதுக்கு அவரு அன்னைக்குப் பூசை போட்டாருன்னு எனக்குத் தெரியும். அவரு சொல்லலை, நான் கேக்கலை, ஆனாலுந் தெரியும். அதுக்கு முந்துன ஆடி மழைதான் காரணம். மத்தியானம் ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டு நின்னேன், நெஞ்சு மேல அம்மிக்கல்லை எடுத்து வெச்ச மாதிரி ஒரு கனம், அப்பிடியே சரிஞ்சு உக்காந்துட்டேன். ஆம்புலன்சுக்குப் போன் போட்டாரு. வந்துக்கிட்டே இருக்கறோம், வந்துக்கிட்டே இருக்கறோம்னாங்க, ரயில்வே பாலத்துக்கடியில தண்ணி கட்டி அவங்க அந்தப் பக்கமே நின்னு போயிட்டாங்க. ஆட்டோக்காரங்க ஒருத்தரும் வரலை. இவரு போய் இந்த வண்டியைத் தெறந்து, டிஸ்ட்ரிபியூட்டர்னு ஒண்ணு இருக்குது, எஞ்சினுக்குக் கரண்டைப் பிரிச்சு உடறது, அது நனைஞ்சா வண்டி படுத்துரும், அது மேல என்ற மழைக்கோட்டைச் சுத்திக் கட்டி, என்னையத் தூக்கிப் பின் சீட்டுல போட்டு, மொத கியர்லயே, காலை எடுக்காம, பாலத்துக்கடியில உட்டாரு பாருங்க. கதவுக்கடியில தண்ணி உள்ளார வருது. என்ற செருப்பு ஒண்ணு மெதக்குது. ஐயோ, புதுச் செருப்பு போகுதேன்னு நெனைச்சேன். சாகக் கெடக்கறவளுக்கு நெனைப்பு போற எடத்தப் பாரு! பெரிய பெரிய காரெல்லாம் பாலத்தடியில வெளக்கைப் போட்டுக்கிட்டு அப்பிடியப்பிடியே நிக்குது, இந்தக் கெழட்டு பியட் காரு மட்டும் இருமிக்கிட்டே போகுது. அவரு என்னையத் திரும்பியே பாக்கலை. "போ, போ, போயிரு தங்கம், நின்னுராத"ன்னு வண்டிகிட்டயே பேசிக்கிட்டு வந்தாரு. என்னைய ஒரு நாளும் தங்கம்னதில்லை. நெஞ்சு வலியில கூட எனக்கு அது உறைச்சுது.

பொழைச்சேன். நெஞ்சுக்குள்ள ஒரு சின்னக் கம்பிக்குழாயை வெச்சு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்த பொறவு எல்லாம் அவருதான். உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி காச்சுனாரு, அடி புடிச்ச வாசத்தோட. தலை சீவி உட்டாரு, வகிடு கோணமாணலா போச்சு. ஒரு நாளாச்சும் "நீ பொழைச்சு வந்ததே போதும்"னு அவரு சொல்லியிருப்பாரா? இல்லை. "என்னையக் காப்பாத்திட்டீங்களே"ன்னு நான் சொன்னேனா? அதுவுமில்லை. வீட்டுக்குள்ள ஆருங்க நன்றி சொல்லிக்கறாங்க? அது மேடையில சால்வை போடறவங்க சொல்லிக்கறது. கஞ்சி வாயில வெக்க வெளங்கலைன்னு நான் திட்டுவேன், மாத்திரை போட்டயா இல்லையான்னு அவரு கத்துவாரு, அதுலயே எல்லாம் அடங்கிப் போச்சு. அடங்கிப் போச்சுன்னுதான் நான் நெனைச்சிருந்தேன். அவரு அத்தனையும் உள்ளுக்குள்ளயே வெச்சிருந்து, எங்கிட்டச் சொல்லத் தெரியாம, கொண்டு போய் எஞ்சின்கிட்டச் சொல்லியிருக்கறாரு. பெட்ரோல்ல குளுப்பாட்டிச் சந்தனம் வெச்சுச் சொல்லியிருக்கறாரு. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா வண்டியும் எரிஞ்சிருக்காது, கையும் வெந்திருக்காது. அட, அப்பிடியே சொல்லியிருந்தாலும் நான் என்ன பண்ணியிருப்பேன்? "போங்க, போய் மொளகு வாங்கிட்டு வாங்க"ன்னு இருப்பேன். என்னையும் எனக்குத் தெரியுமே. அவரைச் சொல்லிக் குத்தமில்லை.

தீப்புடிச்சப்ப எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. பொரித்தட்டைக் கையில புடிச்சுக்கிட்டே நின்னேன். அவரு பின்னால வர்றதை உட்டுப்போட்டு, பேட்டரி ஒயரைப் புடுங்கோணும்னு வலது கையைத் தீக்குள்ளயே உட்டாரு. புடுங்கியும் போட்டாரு. அதுக்குள்ள தீ முன் கண்ணாடி வரைக்கும் ஏறிருச்சு. அப்பத்தான் எங்கிருந்து வந்தாளோ, எதிர்வீட்டு பிலோமினா, ஒரு பெரிய குண்டாவைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து, கண்ணை மூடிக்கிட்டு எஞ்சின் மேல கவுத்துட்டா. பார்த்தா இட்லி மாவு! அவளுக்கு மாவு ஏவாரம். அப்பத்தான் ஆட்டி எடுத்து வெளிய கொண்டாந்திருக்கறா, கையில இருந்ததை அப்பிடியே ஊத்திட்டா. "தண்ணி ஊத்தோணும்னு எனக்குத் தோணவே இல்ல யக்கா, கையில அதுதான் இருந்துச்சு"ன்னு பொறவு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. தண்ணி ஊத்தியிருந்தா பெட்ரோல் அது மேல மெதந்து வாசல் முழுக்கப் பரவியிருக்குமாம். மாவு கெட்டியா, அப்பிடியே அமுக்கிப் போட்டுருச்சு. தெருவெல்லாம் தோசை வாசம். தீக்காயத்தோட அந்த மனுசன் நிக்கறாரு, நான் அழுதுக்கிட்டு நிக்கறேன், எஞ்சின் மேல புஸ்ஸு புஸ்ஸுன்னு பணியாரம் வேகுது. இத்தனைக்கும் பிலோமினா எங்ககிட்டப் பேசி ரெண்டு வருசமாச்சு. அவகிட்ட மாவு வாங்க வர்ற சனமெல்லாம் ஸ்கூட்டரை எங்க கேட்டுக்கு முன்னால நிறுத்துறாங்கன்னு இவரு பூந்தொட்டி கொண்டு போய் வெச்சாரு, அவ தொட்டியை நகத்தி வெச்சா, இவரு மறுபடி வெச்சாரு, கடைசியில ஒரு தொட்டி ஒடைஞ்சு பெரிய சண்டை. "அந்த ஓட்டைக் காரைக் கொண்டு போய்க் காயலாங் கடையில போடுங்க"ன்னு கத்துனவ அவ. அவதான் பொழப்பையே கொண்டாந்து அது மேல ஊத்துனா. அவளுக்கு மட்டும் என்னால எப்பிடியோ சொல்ல முடிஞ்சுது. கையைப் புடிச்சுக்கிட்டு, நீ நல்லா இருக்கோணும் பிலோமினான்னு சொல்லி அழுதேன். அவளும் அழுதா. அந்நியம்னா வாய் வருது.

இப்பவும் அவ எங்க வாசக் கேட்டுப் பக்கந்தான் நிக்கறா, ஒரு வாளி மணலைத் தூக்கிக்கிட்டு. சைடு கண்ணாடியில தெரியறா. "இந்தத் தடவை மாவு தரமாட்டேன் யக்கா, கல்யாண ஆர்டர் இருக்கு, அதான் மண்ணு"ங்கறா. சிரிக்கறா, ஆனா வாளியைக் கீழ வெக்க மாட்டேங்கறா. மாவை ஊத்திட்டுப் போயிட்டா, அதைச் சொரண்டுனது ஆருங்க? நான். அவரு வலது கை கட்டுப் போட்டுக் கெடக்குது. மெக்கானிக்குக்கிட்ட உட்டுரலாமுன்னேன். வந்து பார்த்த மெக்கானிக்கு ஒருத்தன் எஞ்சினை மோந்து பார்த்துட்டு, "இதுக்குச் சட்னி வேணுமா சார்"னு கேட்டுப்போட்டான். அன்னைக்கு வந்துச்சு பாருங்க கோவம். "வசந்தா, பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடு"ன்னாரு. எடுத்தேன். அவ்வளவுதான், அன்னையிலிருந்து நான்தான் அவரு வலது கை. மாவு காஞ்சு கருகி, கல்லாட்டம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பழைய பல்லுத்தேய்க்கற பிரஸ்ஸு, தோசைத்திருப்பி, ஈக்குச்சின்னு என்ற சமையக்கட்டுல பாதி இங்க வந்துருச்சு. கார்ப்பரேட்டருக்குள்ள சின்னச் சின்ன பித்தளைத் திருகு, நடுவுல ஊசி போற ஓட்டை, அதுக்குள்ளயும் மாவு. "இதெல்லாம் எப்பிடிங்க சுத்தமாவும்?"னேன். அவரு முழிச்சாரு. பித்தளைதானே, புளியைப் போட்டு ஊற வெச்சுத் தேய்ச்சேன், தங்கமா வந்துச்சு. அதைக் கையில வாங்கிப் பார்த்து, வெளிச்சத்துக்கு நேரா தூக்கி ஓட்டை வழியா என்னையப் பார்த்தாரு. அன்னைக்கு அவரு இடது கையால காச்சுன கஞ்சியில உப்பு இருந்துச்சு, டாக்டர் வேண்டாமுன்ன உப்பு, ஒரு துளி.

எத்தனை பேரு கை குடுத்தாங்க! உருகிப் போன டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இந்தக் காலத்துல எங்கயும் கெடைக்கலை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துல இதே மாதிரி வண்டி ஒண்ணு தென்னைக்கடியில செத்துக் கெடக்குதுன்னு கேள்விப்பட்டு பஸ்ஸுல போனோம். அந்தத் தோட்டத்துக்காரரு, முன்ன பின்ன தெரியாத மனுசன், இவரு கட்டுப் போட்ட கையைப் பார்த்து விசாரிச்சுட்டு, தானே கழட்டிக் குடுத்து, "பொஞ்சாதியக் காப்பாத்துன வண்டிங்களா? அப்ப இதையும் எடுத்துக்கங்க"ன்னு ஒயரு, கொழாயின்னு அள்ளிக் குடுத்து, கூடவே ஒரு மூட்டைத் தேங்காய். வரப்ப பஸ்ஸுல இவரு அந்த மூடியை மடியில வெச்சுக்கிட்டு சன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டே வந்தாரு, கண்ணு கலங்கியிருந்துச்சு, தூசின்னாரு. நான் தேங்காய் மூட்டை மேல காலைப் போட்டுக்கிட்டு ஒண்ணுந் தெரியாதவளாட்டம் இருந்தேன். இப்பிடி ஆளாளுக்குக் குடுத்ததை வெச்சுத்தான் இந்த எஞ்சின் முழுசாச்சு. என்ற நெஞ்சும் அப்பிடித்தான், ஆரோ செஞ்ச கம்பி, ஆரோ ஒரு டாக்டர் வெச்சு உட்டது. இவ்வளவும் வந்துட்டு, இப்ப ஒரு திருப்புத் திருப்பி, அந்தப் பக்குன்னு சத்தம் மறுபடி கேட்டுச்சுன்னா? அவரு குனிஞ்சிருக்கறாரு. மூஞ்சிக்கும் எஞ்சினுக்கும் ஒரு சாண் இருக்காது. வலது கைத் தோலு இன்னும் இறுக்கமாத்தான் இருக்குது, சோத்தை உருட்டறப்ப விரலு முழுசா மடங்கறதில்லை, சட்டுன்னு பின்னால இழுக்கோணும்னா இழுக்க முடியுமா? வேண்டாமுங்க. எனக்கு வண்டி வேண்டாம். எனக்கு இந்த மனுசன் வேணும், ரெண்டு கலர் புருவத்தோட, இந்த வீம்போட, இந்த ஆகாத கஞ்சியோட. சாவியை எடுத்துக் கெணத்துல போட்டுட்டா என்ன? போட்டா பேசுவாரா? பேச மாட்டாரு. பேசாட்டிப் போகுது, உசுரோட இருந்துக்கிட்டுப் பேசாம இருக்கட்டும்.

என்ன, சத்தத்தையே காணோம்? சித்த நேரமா ஸ்பேனர் சத்தம் இல்லை, திருகற சத்தமில்லை. "ஏனுங்க?" "இன்னுங் கொஞ்சம் இரு." எத்தனை கொஞ்சம்! காலையிலிருந்து இதே கொஞ்சந்தான். எல்லாம் பூட்டியாச்சு, நேத்தே பூட்டியாச்சு, நான்தானே பூட்டுனேன், கடைசித் திருகு வரைக்கும் என்ற கையால. பின்ன அங்க இன்னும் என்ன இருக்குது? நான் பயந்துக்கிட்டு இருக்கறேன்னு தெரிஞ்சு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கறாரோ? அப்பிடி எல்லாம் பாக்கற ஆளில்லையே. சீட்டுல இருந்து எட்டிப் பார்த்தேன், பானெட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு இடுக்கு, அதுல அவரு கை ரெண்டுந் தெரியுது. ஒரு கையில ஸ்க்ரூட்ரைவர். ஒண்ணையும் தொடலை. சும்மா நிக்குது கை. சாவியை அப்பிடியே உட்டுட்டு, கதவைத் தெறந்து எறங்கி, சுத்திக்கிட்டு முன்னால போனேன்.

"என்னங்க பண்றீங்க?"

"டியூன் பண்றேன்."

"எதை?"

ஸ்க்ரூட்ரைவரை மூடியிருக்கற பேட்டரி மேல வெச்சாரு, மறுபடியும் எடுத்தாரு.

"ஒண்ணுமே பண்ணலையல்லோ நீங்க? எத்தனை நேரமா இப்பிடியே நிக்கறீங்க?"

"பயமா இருக்குது புள்ள"ன்னாரு. தலையைத் தூக்கலை. "உன்னைய அங்க உக்கார வெச்ச பொறவுதான் ரோசனை வந்துச்சு. டேங்கு பின்னால இருக்குது. பெட்ரோல் கொழாய் உன்ற காலுக்கடியிலதான் வருது. எங்காச்சும் புடிச்சுருச்சுன்னா நீ அந்தக் கதவைத் தெறந்து எறங்கறதுக்குள்ள... உனக்கு நெஞ்சு வேற... வாடின்னு கூப்பிட்டாச்சு, எறங்குன்னு சொல்ல வாய் வரலை."

எனக்கு அழுகை வந்துச்சா சிரிப்பு வந்துச்சான்னே தெரியலை, ரெண்டும் வந்துச்சு. "அடக் கடவுளே, நான் உங்க மூஞ்சியை நெனைச்சு அங்க செத்துக்கிட்டு இருக்கறேன்"னேன்.

"என்ற மூஞ்சிக்கு என்ன?"

"என்ற காலுக்கு என்ன? நீங்க போய் உக்காருங்க. நான் இங்க கை வெச்சுக்கறேன். எங்க வெக்கோணும்னு எனக்குத் தெரியும்."

"நீ ஒண்ணும் இங்க நிக்க வேண்டாம்."

"அப்ப நீங்களும் நிக்க வேண்டாம்."

"பின்ன ஆரு நிக்கறது?"

ரெண்டு பேரும் மொறைச்சுக்கிட்டு நின்னோம். அவரும் நகரலை, நானும் நகரலை. கேட்டுப் பக்கம் வாளியைக் கீழ வெக்கற சத்தம் கேட்டுச்சு.

"ஏ யக்கா, இந்த மண்ணைச் சொமந்து எனக்குத் தோளு போச்சு! புருசனும் பொண்டாட்டியும் கொஞ்சறதுன்னா உள்ள போய்க் கொஞ்சுங்க. அங்க அரிசி ஊறுது. சாவி எங்க?" பிலோமினா விறுவிறுன்னு வந்து, டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்து, கதவைச் சாத்திட்டா. "எந்தப் பக்கம் திருப்பணும்?"

"வேண்டாம்மா, எறங்கு"ன்னாரு அவரு.

"எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க சார். நான் மாவு மெசினு ஓட்டறவ."

அவரு என்னையப் பார்த்தாரு. நான் அவரைப் பார்த்தேன். "வலது பக்கம்"னேன் நான். பெட்ரோலைக் கூட்டற கார்ப்பரேட்டர் கம்பி மேல அவரு அந்த வெந்த கையை வெச்சாரு, அது மேல என்ற கையை வெச்சேன். தள்ளிப் போன்னு அவரு சொல்லலை. சூடா இருந்துச்சு அந்தக் கை, தோலு வழவழன்னு.

"திருப்பும்மா"ன்னாரு.

கர்ர்ர்ன்னு ஒரு சுத்துச் சுத்தி நின்னு போச்சு. எனக்கு உசுரே போயி வந்துச்சு. மறுபடி கர்ர்ர்ன்னுச்சு, ஒரு தும்மல், கார்ப்பரேட்டருக்குள்ள இருந்து ஒரு காத்து என்ற மூஞ்சியில அடிச்சுது, நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன், கையை எடுக்கலை, அவரு கையும் அங்கயேதான் இருந்துச்சு, ரெண்டு கையுஞ் சேர்ந்து கம்பியை ஒரு இழுப்பு இழுத்துச்சு, புடிச்சுக்கிச்சு. ஓடுது. கண்ணைத் தெறந்து பாக்கறேன், பெல்ட்டு சுத்துது, காத்தாடி சுத்துது, தீயில்லை, பொகையில்லை, நான் பூட்டுன அத்தனை திருகும் சேர்ந்து நடுங்குது. அவரு உதடு அசையுது. என்னமோ சொல்லறாரு, எஞ்சினைப் பார்த்து இல்லை, என்னையப் பார்த்து. எஞ்சின் போடற சத்தத்துல ஒரு எழுத்துக் கூடக் கேக்கலை. "என்னங்க?"ன்னு கத்துனேன். மறுபடியும் சொன்னாரு. அப்பவுங் கேக்கலை. கேக்காட்டி என்ன, நானும் சொன்னேன், பாலத்தடித் தண்ணியில சொல்லாம உட்டதை, கஞ்சி குடிக்கறப்ப சொல்லாம உட்டதை, எல்லாத்தையும் அந்தச் சத்தத்துக்குள்ளயே அவரு மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன். அவருக்கும் கேட்டிருக்காது. தலையை மட்டும் ஆட்டுனாரு.

சீட்டுல இருந்து பிலோமினா கத்தறா, "யக்கா, இதை எப்படி நிறுத்தறது?"

அவரு வாயைத் தெறந்தாரு. நான் அவரு கையை ஒரு அழுத்து அழுத்துனேன்.

"நிறுத்தாத பிலோமினா"ன்னேன். "ஓடட்டும்."